மின்சார காருக்கு வீட்டில் எந்த பிளக் பேஸ், எந்த வயர், எந்த அடப்டர்

2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் மின்சார கார்கள் கண்ணில் படத் தொடங்கிவிட்டன. முன்பு பழைய நிசான் லீஃப் மட்டும்தான், இப்போது சீனாவின் பிவைடி, ஜப்பானில் ஓடிய நிசான் சகுரா என்று பல வகை. கார் வீட்டுக்கு வந்த கையோடு எல்லாரும் கேட்பது "எந்த அடப்டர் வாங்குவது?" என்றுதான். என்னைக் கேட்டால் அடப்டரைக் கடைசியில் பாருங்கள். முதலில் மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை போகிற வயர், அடுத்தது எர்த், அதற்குப் பிறகுதான் பிளக் பேஸ். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலான வீடுகளில் சுவர்ப் பக்கத்துக்கு அடப்டரே தேவைப்படாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். நாம் சார்ஜர் என்று சொல்லுகிற அந்தக் கேபிளில் தொங்கும் பெட்டி உண்மையில் சார்ஜர் இல்லை. பற்றரியை ஏற்றுகிற சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. கேபிளில் உள்ள பெட்டி செய்வது மூன்று வேலை: எர்த் இருக்கிறதா என்று பார்க்கும், கரண்ட் கசிந்தால் வெட்டும், "இத்தனை அம்பியர் வரை எடுக்கலாம்" என்று காருக்குச் சொல்லும். கார் அந்த எல்லைக்குள் தனக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 7 கிலோவாட் பெட்டியைச் சுவரில் மாட்டினாலும் பழைய லீஃப் 3.3 கிலோவாட்டுக்கு மேல் ஏறாது, சகுரா 2.9 கிலோவாட்டில் நின்றுவிடும். பெரிய பெட்டி வாங்கினால் கார் வேகமாக ஏறும் என்று கடைக்காரர் சொன்னால், முதலில் உங்கள் காருக்குள் இருக்கிற சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று பாருங்கள்.

ஒரு இரவுக்கு எவ்வளவு போதும்

இங்கே கணக்கு மிகச் சுலபம். நம்முடைய வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 10 அம்பியரில் சார்ஜ் போட்டால் 2.3 கிலோவாட். இரவு 10.30 தொடக்கம் காலை 5.30 வரை ஏழு மணித்தியாலம் விட்டால் 16 யூனிட் போகும், வழியில் சூடாகிப் போவது கழிய 14 யூனிட்டளவு பற்றரியில் சேரும். ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீற்றர் என்று கையை இறுக்கிப் பிடித்துக் கணக்குப் போட்டாலும் 80 கிலோமீற்றருக்குக் குறையாது. அதாவது மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம், ஒரு சாதாரண 10 அம்பியர் சார்ஜில் ஒரே இரவில் கிடைத்துவிடுகிறது. பாடசாலை, கந்தோர், சந்தை என்று ஓடுகிற காருக்கு இதற்கு மேல் வேகம் தேவையே இல்லை.

தினமும் அம்பாறைக்கோ பொத்துவிலுக்கோ போய் வருகிறவர், அல்லது அடிக்கடி கொழும்புக்கு ஓடுகிறவர் என்றால் கதை வேறு. அவருக்கு 13 அம்பியர் அல்லது 16 அம்பியர் வரிசை, அதாவது மெயின் போர்டிலிருந்து அதற்கென்று வரும் வயர், வேண்டும். 13 அம்பியரில் ஏழு மணித்தியாலத்துக்கு 21 யூனிட் வரும்.

உங்கள் வீட்டு இணைப்பு தாங்குமா

பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு ஃபேஸ் (கம்பத்திலிருந்து கரண்ட் வரும் லைன்) 30 அம்பியர் இணைப்புத்தான். கார் 16 அம்பியர் எடுத்தால் வீட்டுக்கு மிச்சம் 14. அதில் 2 கிலோவாட் கேத்தல் ஒன்று போட்டால் 9 அம்பியர் போய்விடும், ஒரு ஏசியும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்தால் எல்லையைத் தாண்டும். அதனால் 30 அம்பியர் வீட்டில் 32 அம்பியர் எடுக்கும் 7 கிலோவாட் பெட்டியை முழு வேகத்தில் ஓட்டவே முடியாது. வாங்கினாலும் உள்ளே 13 அல்லது 16 அம்பியருக்கு இறக்கி வைக்க வேண்டும். அப்படி இறக்கி வைக்க வசதி இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

இன்னொரு தவறான எண்ணம்: "மூன்று ஃபேஸ் எடுத்தால் மூன்று மடங்கு வேகம்." காருக்குள் இருக்கும் சார்ஜர் ஒரு ஃபேஸில் மட்டும் எடுக்கிற வகை என்றால், மூன்று ஃபேஸ் கொடுத்தாலும் ஒன்றைத்தான் பயன்படுத்தும். 30 அம்பியர் மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒரு ஃபேஸுக்கு எல்லை அதே 30 அம்பியர். வீட்டுச் சாமான்களை மற்ற இரண்டு ஃபேஸுக்கும் மாற்றி, காருக்கு ஒன்றை ஒதுக்கலாம் என்பதுதான் அதில் உண்மையான லாபம். ஏசி இரண்டு மூன்று ஓடுகிற வீட்டுக்கு அது பெறுமதியான வேலை, சின்னக் குடும்பத்துக்கு வீண் செலவு.

பிளக் பேஸ்

நம் வீடுகளில் மூன்று வகை கலந்து கிடக்கிறது. பழைய 5 அம்பியர் உருண்டைப் பின், ஏசிக்கும் மோட்டாருக்கும் போட்ட 15 அம்பியர் பெரிய உருண்டைப் பின், இப்போது நாட்டின் நியமமாக இருக்கும் 13 அம்பியர் சதுரப் பின். 5 அம்பியர் பேஸைக் காருக்கு நினைத்தே பார்க்க வேண்டாம்.

13 அம்பியர் பேஸ் என்று எழுதியிருந்தாலும் அது கேத்தல், அயன் பொக்ஸ் மாதிரி கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு நிற்கிற சாமான்களை மனதில் வைத்துச் செய்தது. இரவு முழுக்க ஒரே சீராக 13 அம்பியர் இழுக்க அது ஏற்றதில்லை. நல்ல கம்பனிகள் தங்கள் சதுரப் பின் கேபிளை 10 அம்பியரோடு நிறுத்தி வைப்பது இதனால்தான். அந்த 10-ஐ 13 ஆக்கித் தருகிறோம் என்று யாரும் சொன்னால் விட்டுவிடுங்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிளக் டொப்பின் பித்தளைப் பின்னும் பேஸுக்குள் இருக்கிற பிடியும் தொடுகிற இடத்தில் கொஞ்சம் தளர்வு, கொஞ்சம் களிம்பு. அதனால் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை வந்தாலே 10 அம்பியரில் அந்த இடத்தில் 10 வாட் சூடு பிறக்கும். 16 அம்பியரில் அது 25 வாட்டைத் தாண்டும். சூடு அம்பியரின் வர்க்கத்தோடு ஏறும், அதனால் ஆறு அம்பியர் கூட்டியதற்கு இரண்டரை மடங்கு சூடு. விரல் நகத்தளவு இடத்தில் 10 வாட், ஏழு மணித்தியாலம். பேஸின் முகம் முதலில் மஞ்சளாகும், பிறகு அந்த பின் துவாரத்தைச் சுற்றிக் கபிலமாகும், பிளாஸ்டிக் வாடை வரும், உள்ளே பிடியின் ஸ்பிரிங் இளகி இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. எம்சிபிக்கும் (கரண்ட் கூடினால் விழும் சுவிட்ச்) ட்ரிப் சுவிட்சுக்கும் (கரண்ட் கசிந்தால் விழுவது) இதெல்லாம் தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் கூடவும் இல்லை, கசியவும் இல்லை.

ஆகவே 13 அம்பியர் பேஸைத்தான் பயன்படுத்துவதென்றால் புதியதாக, நல்ல பிராண்டாக, தனி வரிசையில், ஒற்றை பேஸாகப் போடுங்கள். இரட்டை பேஸ் வேண்டாம். முதல் நாள் ஒரு மணித்தியாலம் சார்ஜ் ஆன பிறகு பெட்டியின் பக்கம் நிறுத்திவிட்டு, பிளக் டொப்பைக் கழற்றிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த பேஸை அன்றைக்கே கழற்ற வேண்டும். அப்புறம் மாதம் ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள்.

நான் யாருக்கும் சொல்லுவது நீல நிற இண்டஸ்ட்ரியல் பேஸ், 16 அம்பியர், மூன்று பின் உள்ளது. கல்யாண மண்டபங்களிலும் மேடை லைட்காரரிடமும் பார்த்திருப்பீர்கள். மணிக்கணக்கில் பாரம் இழுக்கவென்றே செய்தது, பின் உருண்டையாகத் தடித்து இருக்கும், மூடி ஸ்பிரிங்கோடு மூடிக்கொள்ளும். சதுரப் பின் பேஸை விட விலை கூடத்தான், ஆனால் காருக்குக் கொடுத்த காசோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. அதே நீல பிளக் டொப் பொருத்தி வரும் கேபிளும் வாங்கலாம்.

15 அம்பியர் உருண்டைப் பின் பேஸ் 13-ஐ விடப் பிடிப்புக் கூடியது, உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது எத்தனை வருஷம் பழையது, அதன் வயர் எங்கே போகிறது என்று தெரியாமல் அதை நம்பாதீர்கள். அந்த பிளக் டொப்பில் பியூஸும் கிடையாது.

அடப்டர்: சுவர்ப் பக்கம் வேண்டாம், கார்ப் பக்கம் பார்த்து

உருண்டையிலிருந்து சதுரத்துக்கு மாற்றும் அடப்டர், எல்லாப் பின்னும் போகிற மல்டி பிளக், சுருட்டி வைக்கும் எக்ஸ்டென்ஷன் வயர், இவை எதுவும் காருக்கு இல்லை. ஒவ்வொரு அடப்டரும் மேலே சொன்ன அந்தத் தொடுமிடத்தை இன்னொரு தடவை கூட்டுகிறது. அதிலும் மல்டி பிளக்கின் உள்ளே இருப்பது மெல்லிய தகடு. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு விட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் சுருளுக்குள்ளேயே உருகும். கேபிள் எட்டவில்லை என்றால் பேஸைக் கிட்டக் கொண்டுவாருங்கள்.

கார்ப் பக்க அடப்டர் வேறு விஷயம். லீஃப், சகுரா, அவுட்லாண்டர் போன்ற ஜப்பான் கார்களில் வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தில் (ஆடலோட்டம்) சார்ஜ் போட ஐந்து பின் உள்ள டைப் 1 வாய். இப்போது வருகிற பிவைடி போன்றவற்றில் ஏழு பின் உள்ள டைப் 2. டைப் 2 பெட்டியிலிருந்து டைப் 1 காருக்கு மாற்றும் அடப்டரோ கேபிளோ உள்ளே எலெக்ட்ரோனிக்ஸ் அதிகம் இல்லாத எளிய சாமான், நல்லதாக வாங்கினால் பயமில்லை. பார்க்க வேண்டியது: நீங்கள் எடுக்கும் கரண்டுக்கு மேலான அம்பியர் அதில் எழுதியிருக்கிறதா, பூட்டு ஒழுங்காக விழுகிறதா, இணைத்த பிறகு கையால் ஆட்டினால் ஆடுகிறதா. ஆடுகிறதை வாங்காதீர்கள். வீட்டுக்கு நிரந்தரமாகப் பெட்டி போடுகிறவர் காரின் வாய்க்கு ஏற்ற கேபிள் பொருத்தியே வருகிறதை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சீனாவில் விற்கச் செய்த கார் நேரே இறங்கி வந்திருந்தால் வாய் பார்வைக்கு டைப் 2 மாதிரியே இருக்கும், ஆனால் டைப் 2 கேபிள் பொருந்தாது, அது சீன நியமம். கார் வாங்கும்போதே வாயைத் திறந்து பாருங்கள். கேபிளும் அடப்டரும் விற்பவர் தர வேண்டும் என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள். டீசி (நேரோட்ட) வேகச் சார்ஜ் அடப்டர்கள், அதாவது சாடெமோ, சிசிஎஸ் என்ற இரண்டு வேகச் சார்ஜ் முறைகளுக்கு இடையில் மாற்றுபவை, வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவை.

ஜப்பான் காரோடு வந்த கேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 200 வோல்ட் 15 அம்பியர் என்று மட்டும் இருந்தால் அது நம் 230-க்கும் நம் சதுரப் பின்னுக்கும் செய்ததில்லை. அந்த ஜப்பான் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் டொப் போட்டுத் தருவது பலர் செய்கிற வேலை. அப்போது 15 அம்பியர் 13 அம்பியர் பியூஸ் வழியே போகிறது. அந்த பியூஸ் அவ்வளவு சின்ன மிகைக்கு உடனே உருகாது, மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே கிடக்கும். பழுதாக்காமல் அந்தக் கேபிளை எடுத்து வையுங்கள், காரை விற்கும்போது கொடுக்கலாம். 230 அல்லது 240 வோல்ட் என்று எழுதிய, அம்பியரைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கேபிள் ஒன்றை எடுங்கள்.

வயரும் ட்ரிப் சுவிட்சும்

வயர்க்காரரிடம் போய் "காருக்கு ஒரு பொயின்ட் போடுங்கள்" என்று சொன்னால் பக்கத்து அறை பேஸிலிருந்து இழுத்து விடுவார். நீங்கள் சொல்ல வேண்டியது: மெயின் போர்டிலிருந்து தனி வரிசை, நடுவில் வேறு எந்த பேஸும் லைட்டும் இல்லாமல், அதற்கென்று தனி எம்சிபி. 10 அம்பியருக்கு 7/0.67 வயர் (ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர்) போதும், தூரம் கூடினால் அல்லது 16 அம்பியர் பேஸ் போட்டால் 7/0.85. பின்னால் 32 அம்பியர் பெட்டி வரும் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே 7/1.04 இழுத்துவிடுங்கள், சுவர் வெட்டுகிற கூலி ஒரு தடவையோடு போகும். 16 அம்பியர் எம்சிபியில் இரவு முழுக்க 16 அம்பியரே இழுத்தால் நம் வெக்கைக்கு அது இடையில் விழும். கேபிளில் 13-க்கு வைத்து ஓட்டினால் இரண்டுக்கும் நிம்மதி.

ட்ரிப் சுவிட்ச் விஷயம் பலருக்குத் தெரியாது. காருக்குள் மின்னோட்டம் ஏசியிலிருந்து டீசியாக மாறுகிறது. அங்கே பழுது வந்து டீசி கசிந்தால், வீடுகளில் பொதுவாகப் போட்டிருக்கும் ஏசி வகை ட்ரிப் சுவிட்ச் மரத்துப்போகும், பிறகு யாருக்காவது ஷொக் அடித்தாலும் விழாமல் இருக்கலாம். வீட்டுக்கு ஒரே ட்ரிப் சுவிட்ச் என்றால் குளியலறை, சமையலறை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே காரின் வரிசையை மெயின் ஐசொலேட்டருக்கு (முழு வீட்டுக் கரண்டையும் நிறுத்தும் சுவிட்ச்) பிறகு, வீட்டு ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் பிரித்து, அதற்குத் தனியாக 30 மில்லி அம்பியர், ஏ வகை ட்ரிப் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். வாங்குகிற கேபிளில் அல்லது பெட்டியில் 6 மில்லி அம்பியர் டீசி கசிவைக் கண்டுபிடித்து வெட்டும் வசதி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பி வகை ட்ரிப் சுவிட்ச், அது விலை. வேலை செய்பவரிடம் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழும், எர்த் அளக்கும் மீற்றரும் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

எர்த், நம் மணலில்

எனக்கு மிகவும் கவலை தருகிற இடம் இதுதான். நம் நாட்டில் வீட்டு எர்த் என்பது மின்சார சபை கம்பத்திலிருந்து தருவதில்லை, நம் வளவில் நாம் அடிக்கிற கம்பிதான் எர்த். எழுவான்கரை (கடலோரப் பக்கம்) முழுக்க மணல். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, கல்முனை, திருக்கோவில் என்று எங்கே தோண்டினாலும் மணல். மாரியில் தண்ணீர் மேலே நிற்கும்போது எர்த் நன்றாக இருக்கும். கச்சான் காற்று வீசத் தொடங்கி மேல் மணல் காய்ந்தால் அதே கம்பியின் தடை பல மடங்கு ஏறிவிடும். மார்கழியில் ஒழுங்காகச் சார்ஜ் ஆன கார் ஆடியில் சிவப்பு லைட் காட்டி ஏற மறுக்கும், ஆட்கள் கேபிள் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கேபிள் தன் வேலையைத்தான் செய்கிறது, எர்த் இல்லை என்று சொல்கிறது.

அந்தச் சிவப்பு லைட்டைப் போக்க ஒரு குறுக்குவழி ஊரில் உலவுகிறது: பிளக் பேஸுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. தயவுசெய்து இதை யாரும் செய்ய விடாதீர்கள். கம்பத்திலோ மீற்றரிலோ நியூட்ரல் ஒருநாள் கழன்றால் காரின் முழு உடம்புக்கும் 230 வோல்ட் வந்துவிடும். ஈர மணலில் வெறுங்காலோடு பிள்ளை ஒன்று கதவைத் தொட்டால் போதும்.

சரியான வழி, செம்பு பூசிய எர்த் ரொட்டை கோடையிலும் ஈரம் இருக்கிற ஆழம் வரை இறக்குவது. உங்கள் கிணற்றில் ஆவணி மாதம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், ரொட்டின் நுனி அதற்குக் கீழே போக வேண்டும். ஒன்று போதாவிட்டால், ரொட்டின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இரண்டாவது அடித்து இரண்டையும் இணையுங்கள். கரியும் உப்பும் கொட்டுகிற பழைய முறை கொஞ்ச நாளைக்கு அளவைக் குறைத்துக் காட்டும், ஒரு மாரியில் உப்புக் கரைந்து போகும், போகிற போக்கில் கம்பியையும் தின்றுவிடும். அளக்கும் நாள் மாரியாக இருந்தால் அந்த அளவை நம்பி இருந்துவிடாதீர்கள், கச்சான் காலத்தில் இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள். காய்ந்த காலத்திலும் 100 ஓமுக்குக் கீழே நிற்க வேண்டும், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் களிமண்ணில் இந்தத் தொல்லை குறைவு.

எங்கே மாட்டுவது, எந்த நேரம் போடுவது

கடற்கரை வீடுகளில் உப்புக் காற்று பித்தளையைப் பச்சைக் களிம்பாக்கும். பேஸைக் கடல் பார்த்த சுவரில் வைக்காதீர்கள், மூடி உள்ளதாக, ஐபி 54 என்ற தரத்துக்கு (தூசையும் தண்ணீர் தெறிப்பையும் தடுப்பது) குறையாததாக எடுங்கள். 2011 தையில் வந்த வெள்ளம் உங்கள் வளவில் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், பேஸும் பெட்டியும் அதற்கு மேலே இருக்கட்டும். கேபிளின் பெட்டி தரையில் கிடக்காமல் ஒரு கொக்கியில் தொங்கட்டும், இல்லாவிட்டால் அதன் பாரம் முழுக்க பிளக் டொப்பை இழுத்துத் தளர்த்தும். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு போர்டில் ஒரு சர்ஜ் அரெஸ்டர் (மின்னலால் திடீரென ஏறும் வோல்டைத் தடுப்பது) போடலாம். ஆனாலும் இடி முழங்கும்போது கழற்றி வைப்பதுதான் நம்பகமானது.

பில்லையும் யோசியுங்கள். நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் மாதம் 200 யூனிட்டளவு கூடும். சாதாரண வீட்டுக் கட்டண முறையில் 180 யூனிட்டுக்கு மேல் போவதுதான் ஆக விலை கூடிய படி, காரின் யூனிட் பெரும்பாலும் அங்கேதான் விழும். நேரத்துக்கு ஏற்ற கட்டண முறை உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று பிரதேச மின் பொறியியலாளர் காரியாலயத்தில் கேளுங்கள். அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை ஆக விலை. அந்த முறைக்கு மாறாவிட்டாலும் மாலையில் போடாதீர்கள், லைன் முடிவில் இருக்கிற ஊர்களில் அந்த நேரம் வோல்ட் இறங்கும், அயல் வீட்டு லைட்டும் மங்கும். காரின் டைமரை 10.30-க்கு வைத்துவிட்டுப் படுக்கலாம். கூரையில் சோலார் இருந்து கார் பகலில் வீட்டில் நின்றால் பகலிலும் போடலாம், அது உங்கள் சோலார் எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

கடைசியாக, உறவுக்காரர் வீட்டுக்குப் போய் இரவு தங்கும்போது என்ன செய்வது. அங்கே தனி வரிசை இருக்காது. கேபிளை 6 அம்பியருக்கு இறக்குங்கள், அது 1.4 கிலோவாட்டுக்குக் கிட்ட, பத்து மணித்தியாலத்தில் 13, 14 யூனிட் இழுத்துவிடும், வீடு திரும்ப அது தாராளம். போடுவதற்கு முன் பேஸின் முகம் மஞ்சளாக இருக்கிறதா, பிளக் டொப் இறுக்கமாக நிற்கிறதா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் கழித்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கேபிள் சிவப்பு லைட் காட்டினால் அந்த வீட்டில் எர்த் சரியில்லை. அவர்களிடம் சொல்லிவிட்டு, வழியில் வேறு எங்காவது சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.